பம்பாய்த் தாலர்

ணங்ங்...

இருட்டின வீட்டுக்குள் சன்னமான ஒரு மணிச் சத்தம். அடித்து ஓய்ந்த பிறகும் காதுக்குள் இழுத்துக்கொண்டே போனது.

"ஏமே ஹர்ஷினி, அது இன்னா சத்தம்?" என்றாள் மாடி வீட்டு ஸ்வர்ணலதா. கொடியில் மறந்துபோன குழந்தைத் துணியைக் கொடுக்க வந்தவள்.

"மாமா காசைத் தட்டிப் பாக்கறாருக்கா. விரல் நுனியில ஒண்ண வெச்சு, இன்னொண்ணால தட்டுவாரு. வெள்ளி எப்படின்னு சத்தத்துலயே தெரிஞ்சிடுமாம்."

ஸ்வர்ணலதா அவள் கன்னத்தைப் பார்த்தாள். இடது பக்கம் வீங்கிக் கறுத்திருந்தது.

"இது எப்போ?"

"செவ்வாக்கிழமை. மாமா ஒரு சாவுக்குச் சித்தூர் போயிருந்தாரு."

"இருந்திருந்தா மட்டும் இன்னா கிழிச்சிருப்பாரு? புள்ள மருமகள அடிச்சிக்கினு இருக்கான், இந்த மனுசன் காசு தட்டிக்கினு இருக்காரு. நல்ல கச்சேரி."

ஹர்ஷினியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அலிபிரி ரோட்டிலிருந்து பைக் ஒன்று சந்துக்குள் திரும்பியது. ஸ்வர்ணலதா செருப்பைக் காலில்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாள்.

மாமனார் கோவர்த்தனன் சித்தூரில் வெள்ளிக்கடை வைத்திருந்தவர். உருக்க வரும் பழைய சாமான்களோடு பெரிய வெளிநாட்டுக் காசு வந்தால் அதை மட்டும் உருக்காமல் எடுத்து வைத்துக்கொள்வார். ஆஸ்திரிய ராணி தலை போட்ட தாலர். அரபு நாட்டு வியாபாரிகளுக்கு அந்தக் காசின் மேல்தான் நம்பிக்கையாம். அதனால் ராணி செத்துப் பல காலம் கழித்தும் வியன்னா, ரோம், லண்டன், பம்பாய் என்று ஊர் ஊராக அதையே அச்சடித்தார்கள். எங்கே எப்போது அடித்தாலும் காசில் போட்ட வருஷம் ராணி செத்த 1780தான். எது பழசு, எது பின்னால் அடித்தது என்று ராணியின் தோளில் குத்தியிருக்கும் ப்ரோச் நகையின் முத்தையும், பின்பக்கக் கழுகின் வால் இறகையும் லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்று மத்தியானம்கூட ஒன்றைப் பார்த்துச் சொன்னது ஹர்ஷினிதான். கான்வென்ட்டில் படித்தவள் என்று போனில் வரும் இங்கிலீஷ் விவரத்தையெல்லாம் அவளைத்தான் படிக்கச் சொல்வார்.

"இது பம்பாய், மாமா. ரெண்டாவது உலகப் போர் சமயத்துல அடிச்சது."

"விளிம்புல இன்னா எழுதியிருக்குதும்மா?"

"லத்தீன். நீதி, கருணைன்னு அர்த்தமாம்."

"ரெண்டையும் விளிம்புல தள்ளிட்டானுங்களா?" என்று சிரித்து, காசை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

வாசல் கதவு சுவரில் மோதியது.

"எங்க அவ?"

முரளிதரனின் குரல். ஸ்ரீ சிட்டி கம்பெனியில் வேலை போனதிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது இது ஒன்றுதான் கேட்பான். உள் அறையில் ஹர்ஷினி குழந்தை தரணியை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒரு வயசுப் பிள்ளைக்கும் அந்தக் குரல் தெரிந்திருந்தது. அழாமல் அவள் நைட்டியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது.

"அவ கெடக்கறா," என்றார் கோவர்த்தனன் முன் அறையில். "நீ வாடா முரளி, இங்க வந்து உக்காரு. இது ஒரிஜினல் மாதிரி இருக்குதுடா. ராணி உசுரோட இருக்கச் சொல்ல அடிச்சது."

"நெசமாவா நைனா? வித்தா இன்னா வரும்?"

"வீடே வாங்கலாம். அவசரப்படாத. வால்ல இறகு எத்தினின்னு எண்ணு."

"ஒண்ணு... ரெண்டு... நைனா, எனக்கு ரெண்டு தலை தெரியுது."

"கழுகுக்கே ரெண்டு தலைதான்டா. நீ வாலப் பாரு."

அப்பனும் மகனும் சேர்ந்து சிரித்தார்கள்.

"தப்பா எண்ணிட்ட. முதல்லேர்ந்து வா."

ஹர்ஷினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கதவிடுக்கில் தெரிந்தது, மத்தியானம் அவள் பம்பாய் என்று சொன்ன அதே காசு. குடித்துவிட்டு வந்தவனை ஏன்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட உட்கார்த்தி வைத்துச் சிரிப்பு வேறு.

முகம் கழுவ முரளிதரன் பின்பக்கக் குழாய்க்குத் தள்ளாடிப் போனான். அவள் குழந்தையோடு முன் அறைக்கு வந்தாள்.

"அது பம்பாய்னு உங்களுக்குத் தெரியும் மாமா. எதுக்கு அவருக்கு ஆசை காட்டறீங்க? என்னை அடிச்சாரே, அதுக்கு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்களும் அவரும் ஒண்ணுதானே?"

கோவர்த்தனன் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. பின்பக்கம் தண்ணீர் விழுகிறதா என்று காது கொடுத்தார்.

"உனக்குத் தெரியாம ஒரு தடவ கேட்டுப் பாத்தாச்சும்மா. முதல்ல என்னை அடிச்சான், அப்புறம் உன்ன அடிச்சான்." குரலைத் தாழ்த்தினார். "காசுப் பொட்டியில இருக்கறது எல்லாமே பின்னால அடிச்ச காசுதான். ஒரிஜினல் ஒண்ணுகூடக் கெடையாது. ஆனா தெனம் ஒண்ணக் காட்டினா, இறகு எண்ணிக்கினே அவன் இங்கியே தூங்கிடறான், உங்கிட்ட வர்றதில்ல."

குழாய் நின்றது.

"அவன் இன்னும் பாக்காத காசு இது ஒண்ணுதான். நாளைக்குச் சொல்ல எங்கிட்ட எதுவும் இல்ல. விடிஞ்சதும் பாப்பாவத் தூக்கிக்கினு புத்தூர் பஸ் ஏறு, உங்கம்மா வூட்டுக்குப் போயிடு. இப்ப உள்ள போ. யார் கூப்பிட்டாலும் தொறக்காத."

அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டார்.

"நான் கத்தினாலும்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து, புருஷன் சாப்பிடுவதற்கு முன்னால் அவள் கதவைச் சாத்தியதே இல்லை.

"நைனா, எங்க அந்தக் காசு?"

"இங்கதான்டா இருக்குது. வா, வந்து உக்காரு."

ஹர்ஷினி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.