அவள் பெயரில் போன உத்தரவு

“நீங்க மாத்தலை தஸ்லிமா. இப்போ எனக்கு நல்லாத் தெரிஞ்சு போச்சு.”

“நான் மாத்தலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமே சார்” என்றாள் தஸ்லிமா. குரலில் கோபம் இல்லை. அதுதான் இக்பாலைக் குத்தியது.

சாத்தூரில் அவள் வாழ்க்கைப்பட்ட வீடு. முன்னறையில் ஒரு தையல் மிஷின். பக்கத்தில் தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மாமியார் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன், 2007-இல், இருவரும் சிவகாசியில் தனுஷ்கோடி அண்ணாச்சியின் காலண்டர் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். கம்பெனிக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தவன் இக்பால். அதில் வரும் ஆர்டர்களைக் கவனித்தவள் தஸ்லிமா. ஆடிப் பதினெட்டுக்கு, அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய புது ஆல்பம் வெளியிட்டார்கள். சீசன் தொடங்கியும் மூன்று வாரமாக வெப்சைட்டில் ஓர் ஆர்டர்கூட வரவில்லை. தேடிப் பார்த்தால், ஆர்டர்கள் வந்து சேரவேண்டிய மெயில் முகவரியே மாறியிருந்தது. வந்ததெல்லாம் முகம் தெரியாத எவனுக்கோ போயிருந்தது.

யார் மாற்றியது என்று பதிவை எடுத்துப் பார்த்தவன் இக்பால்தான். தஸ்லிமாவின் லாகின். தஸ்லிமாவின் கம்ப்யூட்டர்.

போட்டிக் கம்பெனிக்கு ஆர்டர்களை விற்றுவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. அவளைப் பெற்ற அத்தாவை வரவழைத்து, அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பதிவை அச்செடுத்துக் காட்டினார்கள். அவர் புரியாமல் விழித்தபோது, “கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க” என்று சொன்னவனும் இக்பால்தான்.

“பொய் சொல்லலை தஸ்லிமா. பாதியைத்தான் சொல்லியிருக்கு” என்றான் இப்போது. “ஆர்டர் ஃபாரத்துக்குன்னு ஒரு ப்ளக்இன் போட்டிருந்தேன். வெளியில யாரோ எழுதி இலவசமாக் குடுக்குற சின்ன புரோகிராம். அதுல ஒரு ஓட்டை இருந்திருக்கு. எழுதுனவங்களே போன வாரந்தான் அறிவிச்சிருக்காங்க.”

“என்ன ஓட்டை?”

“நீங்க காலையில லாகின் பண்ணா சாயந்தரம் வரைக்கும் அப்படியே வச்சிருப்பீக. அந்த நேரத்துல பக்கத்து விண்டோல வேற ஏதோ ஒண்ணைத் தொறக்கீக. அதுல விஷமம் பண்ணி வச்சிருந்தா, உங்களுக்குத் தெரியாமலே உங்க கம்ப்யூட்டர்லேருந்து நம்ம வெப்சைட்டுக்கு ‘முகவரியை மாத்து’ன்னு உத்தரவு போயிரும். இந்த ப்ளக்இன் போட்ட சைட்டையெல்லாம் பட்டியல் எடுத்து வச்சுக்கிட்டு அத்தனைக்கும் அனுப்பியிருக்கானுக. எவுக லாகின்ல இருந்தாகளோ அவுக சிக்கிட்டாக. ‘இது நெசமாவே நீங்க சொன்னதுதானா?’ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் மாத்தணும். அந்த ப்ளக்இன் கேக்கலை.”

“நீங்களும் கேக்கலையே சார்.”

இக்பால் தலை குனிந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினான்.

“அண்ணாச்சி தன் கைப்பட எழுதியிருக்காக. உங்க மேல எந்தத் தப்பும் இல்லைன்னு. திரும்ப வேலைக்கு வரச் சொல்றாக. உங்க அத்தாகிட்டயும் நானே நேர்ல போய்ச் சொல்லிடுறேன்.”

“கேக்குறதுக்கு அவுக இல்ல சார். அத்தா போன நோன்புல மவுத்தாயிட்டாக.”

அவள் கடிதத்தைப் பிரித்து இரண்டு முறை படித்தாள். மடித்து மிஷின் மேல் வைத்தாள்.

“வேலைக்குப் போனதாலதானே இம்புட்டுப் பேச்சுன்னு, ரெண்டே மாசத்துல நிக்காஹ் முடிச்சு அனுப்பிட்டாக. ‘நீ செய்யலையேம்மா?’ன்னு கடைசி வரைக்கும் அவுக கேக்கவே இல்ல சார். கேட்டா என்ன பதில் வருமோன்னு பயந்துட்டாக.”

குழந்தை சிணுங்கியது. தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

“அது எத்தனை மணிக்கு மாறுச்சுன்னு போட்டிருந்துச்சு?”

“பதினொண்ணு அஞ்சு.”

ஆட்டிக்கொண்டிருந்த கை நின்றது. “அப்போ அதுதான்.”

“எது?”

அடுப்படியை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். “மெயில்ல ஒரு வாழ்த்து அட்டை வந்திருந்துச்சு. லிங்க்கை அமுக்குனா ஒரு மல்லிகைக் கொடி மெதுவாப் பூத்துக்கிட்டே வரும். கீழ, ‘இன்று உங்கள் நாள் நல்லபடியாக அமையட்டும்’னு எழுதியிருந்துச்சு. அதைத் தவிர அன்னைக்கு வேற எதையும் நான் தொறக்கலை. பதினொரு மணி டீ வந்தப்போதான் பார்த்தேன்.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!”

“எப்படிச் சொல்ல? யார் அனுப்புனதுன்னு கேப்பாகள்ல? அதுல பேரே இல்ல. பேரு போடாம எவனோ எனக்கு வாழ்த்து அனுப்புறான்னு அத்தா முன்னால சொல்றதுக்கு, திருடின்னே இருந்துட்டுப் போறேன்னு தோணுச்சு.”

மாமியார் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் போனதும் தஸ்லிமா தொடர்ந்தாள்.

“அதுவரைக்கும் எனக்குன்னு யாரும் ஒரு வாழ்த்து அனுப்புனதில்ல சார். அனுப்புனவுக யாரா இருந்தாலும், நல்ல மனசோடதான் அனுப்பியிருப்பாக. அவுகளையும் எதுக்கு மாட்டிவிடணும்னு இருந்துட்டேன். என்னைக்காவது வந்து பேரைச் சொல்லுவாகன்னு, நிக்காஹ் அன்னைக்கு வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

இக்பால் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தான்.

முன்பின் தெரியாத ஓர் இலவச வாழ்த்து அட்டை வெப்சைட்டில், பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ‘இக்பால்’ என்று மூன்று முறை அடித்து, துணிச்சல் வராமல் மூன்று முறையும் அழித்துவிட்டுத்தான் அவன் அந்த வாழ்த்தை அனுப்பியிருந்தான்.