சத்தரிசி மூட்டை

சமையற்கூடத்தின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மூட்டையைச் சாய்க்கும் சத்தமும், அரிசி சரசரவென்று கொட்டும் சத்தமும் வெளியே தெளிவாகக் கேட்டன.

கலைமகள் வண்டியைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்திவிட்டுப் பூனை மாதிரி நடந்து வந்திருந்தாள். சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு வந்து, ஊர் வாயில் 'டீச்சர்' ஆகிவிட்ட இத்தனை வருஷத்தில், தன் சமையற்கூடத்தையே ஒட்டுக்கேட்க வேண்டி வரும் என்று அவள் நினைத்ததில்லை. பத்து மணிக்கு உலை வைக்கிற சமையல்காரி ஈஸ்வரிக்கு, வெயில்கூட ஏறாத இந்நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு என்ன வேலை?

விஷயத்தை நேற்று காதில் போட்டவள் எதிர்வீட்டுப் பூவம்மாள். ஈஸ்வரி தினமும் ஊர் எழுந்திருக்கும்முன் வந்துவிடுகிறாளாம். வாய்க்கால் பக்கம் போகும்போது மடியில் ஏதோ முடிச்சு இருக்கிறதாம். கேட்டதிலிருந்து கலைமகளுக்குத் தூக்கம் போய்விட்டது. பல மாதமாக அவளைக் குடைந்துகொண்டிருந்த கேள்விக்கு அது பதில் மாதிரியே இருந்தது.

பிள்ளைகளுக்கு ரத்தம் ஊறவில்லை. அதுதான் கேள்வி. சுற்றிலும் பச்சைப் பசேலென்று வயல் கிடந்து என்ன பயன், பாதி வீட்டில் வெறும் சோறும் ரசமும்தான். மதியம் இங்கே விழுகிற சாப்பாடு ஒன்றுதான் அந்தப் பிள்ளைகளுக்கு ஆதாரம்.

போன வருஷம் சத்தரிசி வந்தபோது கலைமகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. திருவாரூரில் நடந்த பயிற்சியில் எல்லாம் விளக்கமாகச் சொன்னார்கள். அரிசி மாவில் இரும்புச்சத்தைச் சேர்த்து, மறுபடியும் அரிசி மாதிரியே வார்த்து, நூற்றுக்கு ஒன்றாகச் சாதா அரிசியில் கலந்து அனுப்புகிறார்களாம். மூட்டை வந்து இறங்கிய அவசரத்தில் ஈஸ்வரியிடம் அவள் சொன்னது, இது சத்து ஏற்றிய அரிசி, சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்பது மட்டும்தான்.

எங்கே ஊறியது? பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் அதே லாரியில் அதே அரிசிதான். அங்கே பிள்ளைகள் தேறி வருவதாக நர்ஸம்மா சொன்னார். இங்கே மட்டும் நகமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. கலைமகள் தன் வீட்டு முருங்கையை மொட்டையடித்துக் கொண்டுவந்து சாம்பாரில் கொட்டினாள். கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

போன வாரம் பிரேயரில் ஒரு பெண் சுருண்டு விழுந்தாள். ஐந்தாம் வகுப்பு சுடர்விழி. ஈஸ்வரியின் ஒரே மகள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இன்னும் கொஞ்சம் இறங்கினாலும் ரத்தம்தான் ஏற்ற வேண்டும், பிஞ்சு இதயம் தாங்காது என்றார். ஈஸ்வரி அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறியதைக் கலைமகள் கண்ணால் பார்த்தாள். அப்படிக் கதறியவள் பிள்ளைகள் சோற்றில் கை வைப்பாளா? ஏன், கை வைக்கிறவளுக்கு அழத் தெரியாதா என்று இன்னொரு மனசு கேட்டது.

இத்தனைக்கும் ஈஸ்வரியின் சமையலை ஒரு குறை சொல்ல முடியாது. அவள் வடிக்கிற சோறு மல்லிகைப்பூவாக இருக்கும். ஒரு கல், ஒரு பழுப்பு, எதுவும் பல்லில் படாது. மேற்பார்வைக்கு வந்த அதிகாரிகளே இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் போனார்கள்.

தாழ்ப்பாள் விலகியது. வெளியே வந்த ஈஸ்வரி, கலைமகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கை தன்னால் மடிக்குப் போனது.

"மடியில என்ன ஈஸ்வரி?"

ஈஸ்வரி முடிச்சை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கலைமகளுக்கு அத்தனை மாதத்து ஆற்றாமையும் ஒன்றாகச் சேர்ந்து வெடித்தது.

"பக்கத்து ஊரு புள்ளைங்கல்லாம் தேறுது. நம்ம புள்ளைங்க மட்டும் வெளுத்துப்போயி விழுவுது. ஒம் பொண்ணும்தானே விழுந்தா? அவ தட்டுலேர்ந்துமா எடுக்கற?"

ஈஸ்வரியின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் தலையைக் குனியவில்லை.

"ஆமா டீச்சர், எடுக்கறேன். தெனமும்தான் எடுக்கறேன். ஒங்ககிட்ட சொன்னா நீங்க மேல சொல்லுவீங்க, அரிசியே வராம நின்னுபோயிரும், புள்ளைங்க பட்டினியால்ல கெடக்கும்? அதான் வாயத் தொறக்கல."

முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். ஒரு கைப்பிடிகூட இல்லை. லேசாக மஞ்சள் பாரித்த அரிசி, எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில்.

கலைமகள் ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். திருவாரூர்ப் பயிற்சியில் காட்டிய அதே அரிசி.

"வயக்காட்டுல பொறந்து வளந்தவ டீச்சர் நானு. அரிசி எது, பிளாஸ்டிக்கு எதுன்னு எனக்குத் தெரியாதா? எந்தப் பாவி கலக்குறானோ, ஒவ்வொரு மூட்டையிலயும் கெடக்கு. தண்ணியில போட்டா பாதி மெதக்குது. மெதக்காதத மொறத்துல போட்டுப் பொறுக்கிருவேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுல ஒண்ணுகூட எம் புள்ள வயித்துக்குள்ள போக நான் விட்டதில்ல டீச்சர்."