சாவி கொடுக்கும் இடம்

“சாவியைக் கடையில குடுத்துட்டு வந்துட்டேன்” என்றார் புருஷன் போனில்.

“எந்தக் கடையில?”

“அதான்... நம்ம கடையில.”

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“அது எப்பங்க நம்ம கடை ஆச்சு?”

பஸ்ஸை எடுக்கணும் என்று அவர் போனை வைத்துவிட்டார். பதில் இல்லாதபோதெல்லாம் அவருக்கு பஸ்ஸை எடுக்கும் நேரம் வந்துவிடும்.

தெருமுனையில் நின்று அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள்.

முன்பு அது மளிகைக் கடை. தெருவில் பாதிப் பேர் ஷிப்டு வேலைக்காரர்கள். வீட்டுக்கு ஒரே சாவி. போகிறவர் மளிகைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார், வருகிறவர் வாங்கிக்கொள்வார். அதற்கென்றே கல்லாவுக்குப் பின்னால் வரிசையாக ஆணி அடித்திருந்தார். சாவி வாங்கப் போன இடத்தில்தான் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் தெரியவரும்.

மளிகைக்காரர் கடையை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார். கண்ணாடி வந்தது. பெயரைப் படித்து முடிப்பதற்குள் ஆறிப்போகிற காபி வந்தது. அடுத்த மாதமே பக்கத்தில் நாய்களைக் குளிப்பாட்ட ஒரு கடை வந்தது.

அதுவரை அவளை ‘வா, போ’ என்று பேசிய வீட்டுக்காரர், திடீரென்று ‘வாங்க, போங்க’ என்று ஆரம்பித்தார். அந்த மரியாதையைக் கேட்டதுமே, வாடகையை ஏற்றப் போகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஊருக்கு வெளியே ஒரு வீடு பார்க்கும்படி அண்ணனிடம் சொன்னாள். பார்த்துவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லத்தான் போகிறாள். இந்தத் தெரு இனி நம் தெரு இல்லை.

தெருவில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் காறித் துப்புவார்கள். அந்தக் கடை வாசலை ஒருத்தரும் மிதிக்கக் கூடாது என்று எல்லாரையும் கூட்டிவைத்து முழங்கியதே அவள்தான். எதிர்வீட்டுச் சித்தி இன்னும் ஒரு படி மேலே போய், நான் மிதித்தால் என் காலை ஒடித்துப் போடுங்கள் என்றாள். சைக்கிள் கடைக்காரர் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்றார்.

இப்போது வீட்டுச் சாவி உள்ளே இருக்கிறது.

முன்னும் பின்னும் பார்த்தாள். தெரிந்த முகம் எதுவும் இல்லை. சட்டென்று கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. தன் புடவையிலிருந்து ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தின் பிளீச்சிங் வாசனை கிளம்புவது அவளுக்கே தெரிந்தது. கூசியது.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

“வாங்க, ஆஸ்பத்திரி அக்காதானே? சாவியா?”

கையை உதறிக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் போனாள். அங்கே கோப்பைகளை மாட்டுவதற்காக ஒரு நீளப் பலகையில் கொக்கிகள் இருந்தன. கோப்பைகள் எல்லாம் கீழே ஒரு தட்டில் கவிழ்ந்து கிடந்தன.

கொக்கிகளில் சாவிகள் தொங்கின.

சைக்கிள் கம்பியை வளைத்துச் செய்த வளையத்தில் ஒன்று. சிவப்பு நூல் சுற்றிய ஒன்று. அந்த நூலை அவளுக்குத் தெரியும், அது சித்தியின் பழைய ரவிக்கையில் பிரித்தது.

அடிப்பாவி சித்தி! இரண்டு காலும் நன்றாகத்தானே இருக்கிறது!

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“உங்க முதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாரா?”

“நான்தான்க்கா முதலாளி. எங்கம்மாவைத் தவிர வேற யாரும் என்னைத் திட்ட முடியாது.”

ஆஸ்பத்திரி விரிப்பின் கரைத்துணி கட்டிய அவள் சாவியை அந்தப் பெண் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள்.

“இதுல ஒரு சிக்கல் இருக்குக்கா. நான் பூட்டிட்டுப் போனப்புறம் யாராவது வேலை முடிஞ்சு வந்தா, சாவி எடுக்க முடியாம வாசல்லயே நிக்கறாங்க. கடைச் சாவி ஒண்ணு இந்தத் தெருவுலயே இருந்தா நல்லது. யார்கிட்ட குடுக்கலாம்னு இங்க வர்றவங்களை எல்லாம் கேட்டேன்.”

மேஜை இழுப்பறையைத் திறந்து இன்னொரு சாவியை எடுத்தாள். புதுசு, பளபளவென்று இருந்தது.

“எல்லாரும் உங்களைத்தான்க்கா சொன்னாங்க.”

எல்லாரும். சாக்கடைத் தண்ணீருக்காக அவளோடு பேச்சை நிறுத்தியிருந்த சித்தியும்.

 வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கை நீண்டுவிட்டது.

வெளியே வந்ததும் போன் அடித்தது. அண்ணன்.

“என்ன முடிவு பண்ணின? அந்த வீட்டுக்காரர் காத்துட்டிருக்காரு.”

“அந்த வீடு வேணாம்ண்ணே. வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லு.”

“ஏன்? அங்க வாடகையை ஏத்திட்டா என்ன பண்ணுவ?”

“ஏத்தட்டும். தெருவையே கூட்டிட்டுப் போய் நின்னு பேசிக்கறேன்.”

“திடீர்னு என்ன ஆச்சு உனக்கு?”

உள்ளங்கையில் இரண்டு சாவிகளும் சூடேறியிருந்தன. எதிர்வீட்டு ஜன்னலில் சித்தியின் தலை தெரிந்தது, சட்டென்று மறைந்தது.

“வர முடியாதுண்ணே. இங்க ஒரு கடையோட சாவி என்கிட்ட இருக்கு.”

“கடையா? யார் கடை?”

அவள் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் மறுபடியும் தரையைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.

“நம்ம கடைதான்” என்றாள்.