முதல் ஆணி

"ஏழு வருஷத்துல நாலு ஊரா? ஏங்க, ஒரு இடத்துல கால் நிக்காதா உங்களுக்கு?"

லேப்டாப் திரைக்குள் இருந்த மேனேஜர் அம்மா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் பேனா மூடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

இந்தப் பக்கம், இன்டர்வியூவுக்கு உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். கணவர் ராணுவத்தில் இருக்கிறார், மாற்றல் வரும்போதெல்லாம் பெட்டி கட்ட வேண்டும். அந்த வரியை இதுவரை மூன்று கம்பெனிகளில் சொல்லிவிட்டாள். மூன்று இடத்திலும் "எவ்வளவு பெருமையான விஷயம்!" என்றார்கள். அப்புறம் ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை.

டீச்சர் வேலையை மூன்று ஊரில் பாதியில் விட்டவள் அவள். பள்ளிக்கூடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றுதான் முப்பத்தாறு வயதில் சாப்ட்வேர் டெஸ்டிங் படித்தாள். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பிடிக்கிற வேலை. அதில் அவள் கெட்டிக்காரி.

ஆனால் வீட்டிலிருந்து வேலை பார்க்க விடுவதற்கு முன்னால், முதல் ஒரு வருடம் ஆபீசுக்கு வர வேண்டும் என்கிறார்கள். நடுவில் ஓடிப்போகிறவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

அதனால் இந்தக் கம்பெனிக்கு வேறு பதில் தயாராக இருந்தது.

"வீட்டுக்காரர் பிசினஸ் மேடம். ஹார்ட்வேர் கடை."

"அப்போ நாலு ஊருக்கும் கடையையும் கூடவே தூக்கிட்டுப் போனாரா?"

ஊர் புரோகிராமை எல்லாம் டெஸ்ட் செய்கிறவள், தன் பொய்யை டெஸ்ட் செய்ய மறந்திருந்தாள்.

"இல்ல மேடம்... எங்கயும் சரியா ஓடல. ஒவ்வொரு ஊரா மூடிட்டு, மூடிட்டு..."

அது தானாகவே வாயிலிருந்து வந்து விழுந்தது.

"அடப்பாவமே. நாலுமா? குடும்பஸ்தனுக்குக் கொஞ்சம் பொறுப்பு வேணாமா? இப்பவாச்சும் ஒழுங்கா உக்காந்துட்டாரா?"

"உக்காந்துட்டார் மேடம்."

அந்தக் குடும்பஸ்தர் பக்கத்து அறையில்தான் இருந்தார். மனைவியின் இன்டர்வியூவுக்காக ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, ஐந்து வயது மகள் கத்தாமல் இருக்க அவளுக்குக் குதிரையாகத் தவழ்ந்துகொண்டிருந்தார். எல்லைப் பனியில் இரண்டு குளிர்காலம் நின்று, இடது காலில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வந்த மனிதர். நடுவில் இருந்தது ஒரு ஒட்டுப்பலகைக் கதவு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

உள்ளே குதிரை நின்றுவிட்டது.

அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

படம்!

அவள் தலைக்கு நேர் பின்னால் சுவரில் அவருடைய படம். சீருடையில், தொப்பியோடு, நெஞ்சில் மெடலோடு. எந்த ஊருக்குப் போனாலும், அடுப்பு பற்றவைக்கும் முன்பே அவள் அடிக்கிற முதல் ஆணி அதற்குத்தான். நாலு வீடு, நாலு ஆணி.

திரையின் மூலையில் தன் முகம் தெரிகிற குட்டிக் கட்டத்தைப் பார்த்தாள்.

சுவர் மொட்டையாக இருந்தது. ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அப்பாடா, என்று மூச்சு வந்தது.

அந்த மூச்சு வந்த வேகம்தான் அவளைக் கூசவைத்தது. ஏனென்றால் படத்தை அவள் கழற்றவில்லை.

இரண்டு நாளாகப் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்றுதான் நினைத்தாள்.

மேனேஜர் அம்மா எதையோ எழுதி முடித்தார். "சரிங்க. இனிமே ஊர் மாற மாட்டீங்கன்னா எங்களுக்குச் சந்தோஷம். ஒண்ணாம் தேதி வந்து சேந்துடுங்க."

திரை அணைந்தது. கதவு திறந்தது. மகள் ஓடிவந்து மடியில் ஏறினாள். அவர் கதவுநிலையிலேயே நின்றார்.

"கிடைச்சிடுச்சா?"

அவள் தலையை ஆட்டினாள். நிமிரவில்லை.

"பரவால்லையே. ஹார்ட்வேர் கடைன்னா ஆணிக்குப் பஞ்சமில்ல" என்று சிரித்தார்.

அவளால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. "என்னங்க, அந்தப் படம்..." என்று ஆரம்பித்தாள்.

"அது பெட்டியில இருக்கட்டும்மா. ஆபீஸ் போனாலும், ராத்திரி மீட்டிங்கெல்லாம் நீ இங்க உக்காந்துதானே பேசுவ."

சமையலறையில் தொங்கிய காலண்டரை எடுத்துவந்து அந்த ஆணியில் மாட்டினார். கோணலை நிமிர்த்தினார். இரண்டடி பின்னால் வந்து, விறைப்பாக நின்று பார்த்தார்.

காலண்டர் சின்னது. படம் இருந்த இடம் அதைச் சுற்றி வெள்ளையாகத் தெரிந்தது.

"இந்தத் தடம் கேமராவுல தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க" என்றாள்.