சீதன வேலை

நிரந்தர வேலையைக் குடும்பத்தில் ஒருவருக்கு எழுதிக்கொடுக்கலாம் என்று பிரான்சில் சட்டம் வந்த பிறகு, பாரிஸ் மாப்பிள்ளைமார் வீடு, நகை என்று வாய் திறப்பதில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் வெந்த குலநாயகம், தாலி ஏறிய கையோடு தன் வேலையை மருமகன் பேரில் எழுதிக் கையெழுத்திட்டார்.

"இனி என்ர பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை."

மகள் தர்மினி பதினொரு வருடமாக, போன் வந்தால் ஓடிப்போய் ஒரு மணி, இரண்டு மணி என்று கூலிக்கு நிற்கிறவள்.

"எனக்கே எழுதித் தந்திருக்கலாமே, அப்பா? தந்திருந்தா கலியாணத்துக்கே நான் ஓமெண்டு சொல்லியிருக்க மாட்டன்."

அப்படியொன்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவள் போன் அடித்தது. புது மாப்பிள்ளை நாளைக்குத்தான் வேலைக்கு வருவாராம்; சலவைக்கூடத்தில் அப்பாவின் இடத்துக்கு இன்றைக்கு ஆளில்லையாம். இரண்டு மணிநேரம் வந்து நிற்கட்டுமாம்.

கூறைச்சேலையோடு தர்மினி படியிறங்கினாள்.