யார் ஊத்தின மருந்து?

"யாரும்மா இந்த மருந்தை ஊத்தினது?"

சின்ன பாட்டிலை மேசையில் நங்கென்று வைத்தார் டாக்டர் கனிமொழி. பக்கத்து அறையில் சாமிதுரையின் கருவிழியைச் சுரண்டி டெஸ்ட்டுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். குறுவை அறுப்பில் நெல்தாள் கண்ணில் அடித்திருந்தது.

எதிரே மூன்று பேர். சாமிதுரையின் மனைவி அமிர்தம், மகன் தமிழரசன், புது மருமகள் செம்மொழி.

"நான்தாங்க. நன்னிலம் மெடிக்கல்ல கேட்டு வாங்கினேன்" என்றாள் அமிர்தம்.

"பயிர் பட்டு வந்த பூஞ்சைக் கிருமிம்மா இது. நீங்க ஊத்தினது ஸ்டீராய்டு. செவப்பு கொறையுற மாதிரி இருக்கும், உள்ள பூஞ்சைக்கு உரம் போட்ட மாதிரி. உடனே இங்க வந்திருந்தா லேசா முடிஞ்சிருக்கும். இனிமே மணிக்கு ஒரு தடவை சொட்டு விடணும், ராத்திரியிலயும். அதுக்கும் கேக்கலைன்னா கருவிழியையே மாத்தணும்."

வெளியே வந்ததும் தமிழரசன் வெடித்தான்.

"உன்னை யாரு டாக்டர் வேலை பாக்கச் சொன்னது? எனக்கு ஒரு போன் பண்ண மாட்டே? நான் வேலை பாக்குற திருச்சி என்ன அமெரிக்காவுலயா இருக்கு?"

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அமிர்தம் மருந்துச் சீட்டை மடித்து இடுப்பில் செருகினாள்.

"பதில் சொல்லு! அப்பாவுக்குக் கண்ணு போச்சுன்னா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்!"

"ஏங்க, அத்தை வந்து..." என்று செம்மொழி ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு!" அமிர்தம் சீறினாள். "ஆத்தாளும் மவனும் பேசுறப்ப உனக்கென்ன பேச்சு? போ, மாமாவுக்கு டீ வாங்கிட்டு வா."

"பண்றதையும் பண்ணிட்டு அவ மேல ஏன் பாயுறே?" தமிழரசன் மனைவியைக் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான்.

அதற்கப்புறம் அம்மாவோடு அவன் பேசவே இல்லை. வருவான், அப்பாவைப் பார்ப்பான், போவான். அமிர்தம் வார்டிலேயே கிடந்து, செல்போனில் அலாரம் வைத்து எழுந்து எழுந்து சொட்டு விட்டாள்.

ஒருவழியாகப் புண் ஆறியது. "கண்ணு தப்பிச்சிருச்சு. தழும்பு நிக்கும், பார்வை கொஞ்சம் மங்கல்தான்" என்றார் டாக்டர்.

தமிழரசன் அப்பாவின் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினான். அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வார்டில் துணிமணியை மடித்துக்கொண்டிருந்த அமிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள் செம்மொழி. கண் கலங்கியிருந்தது.

"என்னால முடியல அத்தை. மருந்தை வாங்கிட்டு வந்து ஊத்தினது நான். மாமா வாயையும் அடைச்சு வச்சிருக்கீங்க. இன்னைக்கு உங்க மகன்கிட்ட சொல்லிடறேன்."

"வாயைத் தொறந்தே, தெரியும் சேதி! நான் பெத்தவ. ரெண்டு மாசம் மொறைப்பான், அப்புறம் சோறு போடுன்னு வந்து நிப்பான். நீ நேத்து வந்தவ. உன்னைன்னா சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவான்."

"உங்களுக்கு என் மேல கோவமே இல்லையா அத்தை?"

அமிர்தம் பையின் ஜிப்பை வெடுக்கென்று இழுத்து மூடினாள்.

"இல்லாம? எரியுதுடி எனக்கு. ஆனா அந்த வீட்டுல உனக்கு என் ஒருத்தி கோவம் போதும்."