அடுத்த குப்பியின் பெயர்

ஆய்வுத் தட்டின் எல்லாக் குழிகளும் ஊதா நிறத்தில் இருந்தன.

அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சாய்த்துப் பார்த்தாள். ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை.

சாயம் உயிருள்ள செல்களில்தான் ஒட்டும். வைரஸ் தின்ற இடம் வெள்ளை ஓட்டையாகத் தெரியும். ஓட்டைகளைத் தேடித் தேடியே அவள் கண்ணாடி தடித்துப் போயிருந்தது.

ஓட்டையே இல்லை என்றால் தடுப்பூசி ஜெயித்துவிட்டது.

அல்லது, வைரஸை ஊற்றவே இல்லை.

வைரஸைக் கரைசலில் கலக்கும் நேரம் பார்த்துத்தான் அன்றைக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்தபோது அவள் கையில் சொட்டு அளக்கும் பிப்பெட் இருந்தது. கலந்துவிட்டாளா, கலக்கப் போனாளா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

மறுபடி செய்து பார்க்க வழியில்லை. ஊசி போட்ட எலிகளின் ரத்தத்திலிருந்து எடுத்து இந்தத் தட்டில் சேர்த்த சீரம் கடைசிச் சொட்டுவரை தீர்ந்துவிட்டது. இதுவும் பொய்த்தால் திட்டத்தை மூடிவிடுவதாக மேலிடத்தில் சொல்லியாயிற்று.

இந்த வைரஸ் ஒரு சட்டையோடு இருக்காது. ஊசி தயாராவதற்குள் வேறு சட்டையில் வந்து நிற்கும். அதனால் இந்த முறை சட்டையை விட்டுவிட்டுக் காலைக் குறிவைத்தார்கள். கால் மட்டும் மாறுவதில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ‘இனி பயமில்லை’ என்று யார் வாய்விட்டுச் சொல்கிறாரோ, அடுத்து மாறி வரும் வைரஸின் குப்பிக்கு அவர் பெயர். துரைப்பாண்டியன் சார் அப்படித்தான் குப்பிக்குள் போனார். போன முறை சொன்னது மங்கையர்க்கரசி. முழுப்பெயர் குப்பியில் கொள்ளவில்லை. ‘மங்கை’ என்று எழுதினார்கள்.

அதன் பிறகு யாரும் வாயைத் திறப்பதில்லை.

இந்தத் தட்டில் ஊற்றியது மங்கையைத்தான்.

ஊற்றியிருந்தால்.

அசல் மங்கை தொட்டியருகே இன்னொரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதே கரைசல், ஆனால் சீரம் சேர்க்காத தட்டு. வைரஸ் கலந்திருந்தால் அதில் ஓட்டை விழுந்தே ஆக வேண்டும்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

ஜன்னலருகே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தாயே, அந்தச் சனியன் நன்றாகத் தின்று கொழுத்திருக்க வேண்டும்.

இப்படி ஒரு வேண்டுதல் எந்தச் சாமிக்கும் வந்திருக்காது என்று தோன்றியது. அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

குழாய் நின்றது.

“எம்பேர வச்சது சரிதான்டி,” என்றாள் மங்கை. “சல்லடையாக்கி வச்சிருக்கேன் பாரு.”

தட்டை நீட்டினாள். குழிக்குக் குழி ஓட்டை. இத்தனை அழகான ஓட்டைகளை அவள் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் கண் கலங்கி, எல்லாம் ஒரே ஊதாவாகத் தெரிந்தது.

இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

மங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தாள்.

அவளோ திரும்பி நடந்தாள்.

அலமாரியில் இருந்து காலிக் குப்பி ஒன்றை எடுத்தாள். மார்க்கரைத் திறந்தாள். குப்பியைச் சுற்றிச் சுற்றித் தன் பெயரை எழுதினாள்.

இனிஷியலையும் விடவில்லை.